ஒன்றரை வயதும் நாலு வயதும் இருக்கும் வீட்டில் கொலு: படி, பார்க், சுண்டல் எப்படி?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். நவராத்திரிக்கு முந்தைய மகாளய அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பெரியவளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி., பரீட்சை லீவு விட்டுவிடுவார்கள். சின்னவனுக்கு ஒன்றரை வயது. கையில் எட்டியதையெல்லாம் இழுக்கிறான், எடுத்ததையெல்லாம் வாயில் வைக்கிறான். மாமியார் வீட்டிலிருந்து வந்த மண் பொம்மைகள் முப்பது, காகிதக்கூழ் பொம்மைகள் பத்து, ஒரு ஜோடி மரப்பாச்சி, செட்டியார் கடை எல்லாம் இருக்கின்றன. ஃபிளாட்டில் ஹால் சுவர் 6 அடி கிடைக்கும்.

பொம்மை உடையாமலும் பிள்ளைகளுக்கு அடிபடாமலும் படி எப்படிக் கட்டுவது? பெரியவளுக்கு லீவு நாட்களில் கொலுவில் என்ன வேலை கொடுக்கலாம்? சாயங்காலம் பத்துக் குழந்தைகளும் நாலைந்து பெரியவர்களும் வருவார்கள். சுண்டல் அளவும் சொல்லுங்கள்.

பொம்மைப்பெட்டி:

மூன்று படி போதும். ஒற்றைப்படை என்ற வழக்கமும் நிற்கும். ஆனால் தரையிலிருந்து படி கட்டாதீர்கள். படிக்கு 8 அங்குல உயரம் என்று வைத்தால் மூன்றாவது படியே 24 அங்குலம்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை கையைத் தூக்கினால் 35 அங்குலத்துக்கு மேலேயே எட்டும். அதாவது கலசம் உட்பட எல்லாம் அவன் கைக்குள்.

கனமான சாப்பாட்டு மேசை இருந்தால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மேசை உயரம் 30 அங்குலம், அதன் பலகையே முதல் படி. அது மட்டும் அவன் கைக்கு எட்டும், அதனால் மரப்பாச்சி மாதிரி உடையாததை அங்கே வையுங்கள். பின்னால் 8 அங்குலப் பெட்டி, அதற்கும் பின்னால் 16 அங்குலம். ஒவ்வொரு படிக்கும் 11 அங்குல ஆழம் கொடுத்தால், 3 அடி அகல மேசையில் மூன்றும் அடங்கும். அட்டைப்பெட்டி வேண்டாம். நடுவில் அமுங்கிப் பொம்மை முன்பக்கம் சாயும். டிரங்குப் பெட்டியோ புத்தகக் கட்டோ வைத்து, மேலே பலகை போடுங்கள். 6 அடிப் படியில் 7 அங்குலப் பொம்மை ஒன்பதோ பத்தோ நெருக்காமல் நிற்கும். மிச்சத்தை இந்த வருடம் எடுக்கவே வேண்டாம்.

கொலு சரிவதற்கு முதல் காரணம் வேட்டிதான். படி மேல் விரித்த துணி முன்பக்கம் தொங்கினால் பிள்ளை அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும். ஒரே இழுப்பில் மூன்று படியும் கீழே வரும். அதனால் ஒரே வேட்டியை மேலிருந்து கீழ்வரை ஓட விடாமல், படிக்கொரு துணியாக வெட்டி, பலகைக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். மேசை விளிம்பில் துணியை உள்பக்கமாகத் திருப்பி, அரை அடிக்கு ஒரு பைண்டர் கிளிப் போடுங்கள். ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது.

பக்கத்தில் நாற்காலி, மோடா இருந்தால் அது ஏணிதான். ஒன்பது நாளும் வேறு அறையில் இருக்கட்டும். சீரியல் விளக்கு வயர் மேசைக்குப் பின்னால் போகட்டும். குத்துவிளக்கைத் தரையில் வைக்காமல் பூஜை நேரத்தில் மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஏற்றுங்கள்.

தாம்பாளத்தில் கற்பூர வில்லை கிடக்கவே கூடாது. கல்கண்டு என்று நினைத்துப் பிள்ளை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பச்சைக் கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். டப்பாவோடு அலமாரியின் மேல் தட்டுக்குப் போகட்டும்.

மாடித்தோட்டம்:

மேசைக்கு அடியிலோ எதிர் மூலையிலோ தரையில் ஒரு பாய் விரித்து, பிள்ளைகளுக்கென்று தனிக் கொலு வையுங்கள். தொடாதே, தொடாதே என்று ஒன்பது நாள் சொல்லிக்கொண்டிருந்தால் திருவிழாவே பிள்ளைக்குக் கசந்துவிடும். சின்னவனுக்கு வாயில் போகாத அளவுள்ள துணிப் பொம்மை, பெரிய மரக்கட்டை, மர யானை போதும். சாயம் உதிரும் பழைய பொம்மை அந்தப் பாயில் வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

மரப்பாச்சிக்குச் சாயம் பூசுவதில்லை, எளிதில் உடையவும் உடையாது. அலங்காரம் முழுவதையும் பெரியவளிடம் விட்டுவிடுங்கள். ரவிக்கைத் துணியின் ஜரிகை ஓரத்தில் 3 அங்குல அகலப் பட்டை வெட்டினால் புடவை. இடுப்பில் ரப்பர் பேண்ட் போட்டு, அதில் அவளையே கொசுவம் மடித்துச் செருகச் சொல்லுங்கள். கோந்து வேண்டாம், மரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். குண்டூசி கூடவே கூடாது. தினம் ஒரு நிறத்தில் மாற்றிக் கட்டலாம். நாலு வயதுக்கு இது அரை மணி நேர வேலை.

கொலுவுக்கு முன்னால் வைக்கும் குட்டித் தோட்டமான பார்க்கை அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். 2 அங்குல ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்ணும் பாதிப் பாதி. வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீர் வடித்து, ஒன்றோடொன்று ஒட்டாத மாதிரி தூவி, விரல் நகக்கண் அளவு மண் போட்டு மூடுங்கள். கடுகை ஊறவைக்க வேண்டாம், அப்படியே தூவலாம். இரண்டு மூன்று நாளில் முளை கிளம்பும், முதல் நாள் கொலுவுக்கு இரண்டு அங்குலப் பச்சை நிற்கும்.

பெரும்பாலும் கெடுவது தண்ணீரால்தான். பிள்ளை குவளையோடு ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துப்போகும், பிறகு வெள்ளைப் பூஞ்சை கட்டி அடியில் அழுகும். கையில் ஸ்பிரே பாட்டில் கொடுத்து, காலை பத்துப் பீச்சு, மாலை பத்துப் பீச்சு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்கும் பழக்கம். நாள் முழுக்க மின்விளக்கு வெளிச்சத்திலேயே இருந்தால் தண்டு நீண்டு மஞ்சளாகிச் சாயும். காலையில் இரண்டு மணி நேரம் பால்கனியில் வையுங்கள்.

குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வேண்டாம், சிகரெட் பெட்டிக்குள் வருவது மாதிரியான வெள்ளித்தாளை ஒட்டுங்கள். நிஜத் தண்ணீர் வைத்தே தீர வேண்டுமென்றால் தினமும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலம் தொடங்கும் சமயம் இது. தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நவராத்திரி முடிவதற்குள்ளேயே அது நடந்துவிடலாம்.

அடுக்களை:

பதினைந்து பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 300 கிராம். வெந்ததும் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வரும், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கிடைக்கும். 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். மறந்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஹாட்பேக்கில் இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். வெள்ளைக் கடலைக்கு ஐந்து விசில், கறுப்புக்கு ஏழு. அத்தனை விசில் விட்டும் கல்லாக இருந்தால் கடலை பழையது அல்லது போர்வெல் தண்ணீரின் உப்பு. குடிதண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் தோல் கழன்று சோப்பு வாடை வரும்.

தேங்காய்த் துருவலைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால், கடலை ஆறிய பிறகு போடுங்கள். மூன்று மணிக்கே சூட்டோடு கலந்து மூடிவைத்தால் ஏழு மணிக்குள் ஊசிப்போகும்.

தாளிப்பதற்கு முன் குழந்தைகளுக்கானதைத் தனியே எடுத்துவிடுங்கள். உப்பு, தேங்காய், ஒரு கரண்டி நெய் போதும், மிளகாய் வேண்டாம். முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் சின்னவனுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலை அடைக்கும் அளவும் உருண்டையும் அவற்றுக்கு உண்டு. கடலையை விரலால் நசுக்கித் தோலை எடுத்து, கரண்டியால் மசித்துக் கொடுங்கள். வருகிற பிள்ளைகளிலும் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேர்க்கடலைச் சுண்டல் வேண்டாம். எல்லாரையும் உட்கார வைத்துத் தொன்னையில் கொடுங்கள், ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

ஒரு நாள் இனிப்பு வேண்டுமானால் காராமணி 200 கிராம், வெல்லம் 130 கிராம். காராமணி நன்றாக வெந்த பிறகுதான் வெல்லப்பாகு ஊற்ற வேண்டும். முன்பே போட்டால் அதன்பின் வேகாது.

காவிரிக்கரை:

மேசை யோசனை பிரமாதம், அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. செட்டியார் கடையில் அரிசி, பருப்பு குவித்து வைப்பது வழக்கமாச்சே? விஜயதசமியன்று பெரியவளுக்கு வீட்டிலேயே எழுத்து ஆரம்பிக்கலாமா?

பொம்மைப்பெட்டி:

செட்டியார் மேல் படிக்குப் போகட்டும். பருப்பைச் சின்னச் சின்ன மூடி போட்ட கண்ணாடி டப்பாவில் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். மூக்கில் பருப்பைத் திணிப்பது இந்த வயதில் சர்வசாதாரணம். அப்படி ஆனால் தண்ணீர் விடாதீர்கள், பருப்பு ஊறிப் பெருத்துவிடும். ஊக்கால் தோண்டவும் வேண்டாம், இன்னும் உள்ளே போகும். நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எழுத்தை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று கூட்டம் அதிகம். இரண்டு பிள்ளைகளோடு வரிசையில் நிற்பது சிரமம். விளிம்புள்ள தாம்பாளத்தில் அரை கிலோ பச்சரிசி பரப்புங்கள், விரல் ஓடினால் அடித்தட்டு தெரிகிற அளவு போதும். அதிகமானால் எழுத்து மூடிக்கொள்ளும். தாத்தாவோ அப்பாவோ மடியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கட்டும். பாதியில் கையை இழுத்தால் விட்டுவிடுங்கள், சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை. நாக்கில் தேன் தடவும் வழக்கம் சில வீட்டில் உண்டு. வருகிறவர்களில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் தேன் கூடாது.

சரஸ்வதி பூஜையன்று அவளுடைய ஒரு படப் புத்தகமும் கிரேயான் பெட்டியும் அடுக்கில் இருக்கட்டும், மறுநாள் அவளே எடுக்கட்டும். தசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும் வேலையும் அவளுடையதுதான்.

மறுநாள் கட்டிவைக்கும்போது பூச்சி உருண்டை போடாதீர்கள். பிள்ளை விழுங்கினால் விஷம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறைபாடு) உள்ள குழந்தைக்கு வாடையே ஆபத்தாகலாம். பொம்மையை முதலில் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாள். நேரே செய்தித்தாளில் சுற்றினால் மை சாயத்தில் ஏறும். நிழலில் காய்ந்த வேப்பிலையைப் பெட்டியின் அடியில் பரப்புங்கள். மண் பொம்மை கீழே, காகிதக்கூழ் மேலே. பெட்டியின் மேல் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த புரட்டாசியில் தேட வேண்டியிருக்காது.