மறு: பேக் லிமிட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

போன வாரம் ஒரு சொல் கேட்டேன், ஒன்பது பேர் பதில் எழுதிவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் இந்த ஒரே மடலில் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மறுபடி: அமெரிக்கக் காட்டு வான்கோழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் இருப்பது ஜார்ஜியாவில். அங்கே 2022இல் ஒரு வேட்டைக்காரர் ஒரு பருவத்தில் சுடக்கூடிய சேவல்களை 3லிருந்து 2ஆகக் குறைத்தார்கள். ஒரே நாளில் இரண்டையும் சுட முடியாது. பருவம் தொடங்கும் நாளும் தள்ளிப்போனது. அலபாமாவில் 5 என்பது 4 ஆனது. டென்னசியில் 2023இல் அது 2க்கு வந்தது, பருவமும் இரண்டு வாரம் தாமதம். இந்த 2, 4, 5 என்ற எண்ணைத்தான் பேக் லிமிட் என்கிறார்கள். அட்டவணையின் தலையில் போட எனக்கு ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

> நேராகப் 'பை வரம்பு' என்றே போட்டுவிடலாமே?

போடலாம். படிப்பவருக்குச் சென்னை விமான நிலையமும் 23 கிலோ பெட்டியும்தான் நினைவுக்கு வரும். வளர்ந்த சேவல் 8, 9 கிலோ இருக்கும். இங்கே அதை யாரும் பையில் போடுவதில்லை, காலைப் பிடித்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். ஆங்கிலத்திலேயே செத்துப்போன பையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

> 'வேட்டை வரம்பு' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் எதன் வரம்பு? எந்த மாதம், எந்த நேரம், எந்தக் காடு, எந்தத் துப்பாக்கி, சேவலா பெட்டையா என்று எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம்.

'ஒதுக்கீடு' என்று எழுதியவருக்கு: அது வேறு சங்கதி. ஒரு காட்டில் மொத்தம் இத்தனை பறவை என்று முடிவுசெய்வது ஒதுக்கீடு. இது ஆளுக்கு இத்தனை. இரண்டையும் குழப்பினால் கட்டுரையின் உயிரே போய்விடும். பெரும்பாலான வேட்டைக்காரர்களுக்கு ஒரு பருவத்தில் ஒரு சேவல்கூடக் கிடைப்பதில்லை. 3ஐ 2 ஆக்கினால் கட்டுப்படுபவர்கள் மூன்றாவதையும் சுடத் தெரிந்த சில கைதேர்ந்தவர்கள் மட்டுமே. எண் பெரிய வெட்டாகத் தெரியும், காட்டில் மிஞ்சும் பறவைகள் அந்த விகிதத்தில் கூடாது. சொல் இதை மறைக்கக் கூடாது.

'ஆள்வரம்பு' எனக்கு முதலில் பிடித்திருந்தது. அப்புறம் பார்த்தால், சில பொதுக் காடுகளில் குலுக்கல் போட்டு இத்தனை பேர்தான் வரலாம் என்கிறார்கள். ஆள்வரம்பு என்ற பெயர் அதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் 'மீன்பாடு' என்பதை நினைவூட்டியிருந்தார். கடலுக்குப் போய் வந்தவரிடம் 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கேட்கும் அந்தப் பாடு, அதாவது அன்று கிடைத்த மீன். படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அதோடு வரம்பைச் சேர்த்தால் 'வேட்டைப்பாட்டு வரம்பு' என்றாகிவிடுகிறது. வேட்டைக்குப் போகிறவர் எத்தனை பாட்டுப் பாடலாம் என்று விதி போட்டதுபோல் இருக்கிறது.

ஆனாலும் அந்தச் சொல்லை விடுவதாயில்லை. அதற்கு வேறொரு இடம் இருக்கிறது. இங்கே அரசு அறிக்கைகளில் சுட்ட பறவைகளின் எண்ணிக்கையை ஹார்வெஸ்ட் என்பார்கள். முதல் வரைவில் நானும் 'அறுவடை' என்றே எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது நெருடியது. விதைத்தவன் அறுக்கிறான், அதுதானே அறுவடை?

இதற்கு வந்த மறுப்பு வலுவானது. 'அவர்கள் விதைக்கத்தானே செய்தார்கள்!' என்கிறார் ஓர் அம்மா. உண்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பும் கட்டில்லாத வேட்டையும் சேர்ந்து பல மாநிலங்களில் வான்கோழியைத் துடைத்தெடுத்துவிட்டன. முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரி எது, நிழல் எது என்று தெரியாத பறவைகள், நிலைக்கவில்லை. 1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலையால் காட்டுப் பறவைகளையே பிடித்தார்கள். தானியம் தூவிவிட்டு மறைந்திருந்து, கூட்டம் இறங்கியதும் வெடிவிசையால் வலையை அதன் மேல் பாயவிடுவது. பிடித்ததைப் பெட்டியில் அடைத்து, பறவையே இல்லாத காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பணம் எங்கிருந்து? 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியிலிருந்து. சுடுகிறவர் காசில்தான் பறவை திரும்பி வந்தது. 2000களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 70 லட்சம். இப்போது அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

ஆக, விதைத்தார்கள்தான். ஆனால் ஒருமுறை. அதன்பின் விதைப்பது பெட்டைக்கோழி. அறுவடை என்ற சொல்லுக்குள் அடுத்த போகமும் விளையும் என்ற நம்பிக்கை இருக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களில் இப்போது ஆட்டம் கண்டிருப்பதே அதுதான். நாடு முழுவதும் 70 லட்சமாக இருந்தது இன்று 60 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வைக்கோற்புல் வயல், அதைத் தாண்டிப் பைன் காடு. கோடையில் பொதுமக்களும் வான்கோழி எண்ணித் தரலாம்: எத்தனை பெட்டை, எத்தனை குஞ்சு. போன ஜூலையில் காலை ஏழு மணிக்கு மூன்று பெட்டைகள் புல்லிலிருந்து தலையை நீட்டின. முழங்கால் உயரப் புல் என்பதால் குஞ்சு தெரியாது, புல் அசைவதுதான் தெரியும். அரைமணி நேரம் காத்திருந்தேன். வெட்டிவிட்ட வரப்பை அவை கடந்தபோது எண்ணினேன், மொத்தம் நான்கே குஞ்சுகள். பெட்டைக்கு இரண்டாவது இருந்தால் கூட்டம் தாக்குப்பிடிக்கும் என்பது தோராயக் கணக்கு. என் வயலில் அதுவும் இல்லை. ஒரு வயலை வைத்து மாநிலத்தைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் மாநிலக் கணக்கே இப்படி வயல் வயலாகத்தான் சேருகிறது.

பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் அடைகாக்கிறது. ரக்கூன், ஒப்போசம், பாம்பு எல்லாம் மோப்பம் பிடிக்கும் உயரம் அது. பொரித்த பின்னும் முதல் இரண்டு வாரம் குஞ்சுகள் மரமேற முடியாமல் இரவில் தாயோடு தரையிலேயே படுக்கும். தின்ன வேண்டியது பூச்சி. பூச்சி வேண்டுமானால் பூவும் புல்லும் கலந்த திறந்தவெளி வேண்டும். அதற்குக் காட்டை அவ்வப்போது அளவாக எரிக்க வேண்டும். இங்கே காடு பெரும்பாலும் தனியார் கையில். யாரிடம் போய் எரி என்பது? மாநில வனவிலங்கு ஆணையத்தால் தாளில் எழுதக்கூடியது துப்பாக்கி விதி மட்டும்தான், அதனால் அதை எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம். சேவல்கள் இணைசேர்ந்த பிறகு சுடட்டும் என்றுதான் பருவத்தைத் தள்ளிவைத்தார்கள். டென்னசியில் சில கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், முதலில் அப்படிச் சோதித்துப் பார்த்ததில், கூடு வைப்பதிலும் குஞ்சு பொரிப்பதிலும் சொல்லும்படி மாற்றம் தென்படவில்லை.

எனவே ஹார்வெஸ்ட் என்பதற்கு 'வேட்டைப்பாடு'. பாடு ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது. கடலோரத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

இனி பேக் லிமிட்டுக்கு என் பரிந்துரை: கொள்வரம்பு. கொள்முதல், கொள்கலம் போல இதுவும் வினைத்தொகை. ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடியதன் வரம்பு. நாள் கொள்வரம்பு, பருவக் கொள்வரம்பு என்று குட்டி போடும். வாத்துக்கும் மீனுக்கும் பொருந்தும். உடனே ஒருவர் கேட்டுவிட்டார்:

> பேசும்போது பாதிப் பேர் 'கொல்வரம்பு' என்பார்களே?

சொல்லட்டும். தவறாகச் சொன்னாலும் பொருள் தவறாத கலைச்சொல் நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஜேக்குக்கு, அதாவது ஒரு வயதுச் சேவலுக்கு, 'விடலை' என்று நான் போட்டதில் ஒருவருக்குப் பிள்ளையார் கோவில் விடலைத் தேங்காய் நினைவு வந்ததாம். விடலைப் பருவம் எல்லோருக்கும் புரிகிறதே! ஆர்கன்சாவிலும் மிசிசிப்பியிலும் பெரியவர்கள் விடலையைச் சுடக் கூடாது, சிறுவர்களுக்குச் சலுகை உண்டு. எப்படி அடையாளம் காண்பது? பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் காய்ந்த வால் விசிறி இரண்டை எடுத்து வந்து காட்டினார். முதிர்ந்த சேவலின் விசிறி விளிம்பு ஒரே வளைவு. விடலையுடையதில் நடு இறகுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன, எண்ணெய் வைத்தும் படியாத முடிபோல.

தாடியைத் தாடி என்றே விட்டுவிட்டேன். மார்பில் தொங்கும் குச்சம் அது. சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, அதனால் விதியில் 'தாடியுள்ள பறவை' என்று வந்தால் 'சேவல்' என்று மாற்றக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க.

கடைசியாக ஒன்று பாக்கி: டிகாய், அதாவது வான்கோழியை ஈர்க்க வேட்டைக்காரர் வைக்கும் போலிப் பறவை. அலபாமாவில் பருவத்தின் முதல் 10 நாள் டிகாய் வைக்கத் தடை. 'பொம்மைப் பறவை', 'ஏமாற்றுப் பறவை' என்று இரண்டு யோசனைகள் வந்தன. எதற்கு? சங்கப் பாடல்களிலேயே, மற்ற விலங்கையும் பறவையையும் ஈர்த்துப் பிடிக்க வேடன் பழக்கி வைத்திருப்பதற்குப் 'பார்வை' என்று பெயர். என் தயக்கம் ஒன்றுதான். அந்தப் பார்வை உயிருள்ளது, இங்கே விற்பது பிளாஸ்டிக். நம் பக்கம் கௌதாரி பிடித்த பெரியவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள், கூண்டில் வைக்கும் கௌதாரியை அவர்கள் இன்றும் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வரை கட்டுரையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.