பாரிஸ் – லண்டன்: பறப்பது ஒன்றேகால் மணி நேரம், போய்ச் சேர அரை நாள்

பாரிசுக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள் லண்டனில் இருக்கும் சித்தியோ மாமாவோ, "ஒரு எட்டு வந்துவிட்டுப் போ" என்று அழைத்துவிடுவார்கள். வான்வழித் தூரம் சுமார் 345 கிலோமீட்டர்தான். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் விசா. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர முடிகிற ஷெங்கன் எல்லைக்குள் லண்டன் இல்லை. பிரான்ஸ் வதிவிட அட்டையோடு பெர்லினுக்கும் ரோமுக்கும் போகலாம். லண்டனுக்கு அது செல்லாது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரித்தானிய விசா எடுத்தே ஆக வேண்டும். அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்களும் அப்படியே. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து இணையத்தில் முன்அனுமதி பெற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, விசா வராமல் பணத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். லண்டனில் இறங்கியதும் குடிவரவு வரிசை, பிறகு நகரத்துக்குள் வரும் பயணம். மலிவு டிக்கெட் பெரும்பாலும் லூட்டன் போன்ற தொலைவான நிலையங்களுக்கே இருக்கும். அங்கிருந்து கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட்ஹாம் போய்ச் சேர்வதற்குள் அலுத்துவிடும். கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம்.

பாரிசிலிருந்து லண்டனுக்கு நேரே ஓடும் யூரோஸ்டார் ரயில் புறப்படும் கார் து நோர் நிலையமோ லாச்சப்பலிலிருந்து நடக்கும் தூரம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பிரெஞ்சு, பிரித்தானிய அதிகாரிகள் இருவரும் அங்கேயே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார்கள். கடலுக்கடியில் சுமார் 38 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து, ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் லண்டன் நகருக்குள்ளேயே, செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் இறக்கிவிடும். கீழே போனால் ஹாரோவுக்கும் ஈஸ்ட்ஹாமுக்கும் மாறாமல் போகும் சுரங்க ரயில்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை ரயில்தான். கடைசி நேரத்தில் விலை எகிறிவிடும். விசா கையில் வந்ததும் பதிவு செய்துவிடுங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லண்டன் கடிகாரம் பாரிசைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 10 மணிக்குப் புறப்படும் விமானம் 10.15க்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பி வரும்போது அதே பயணம் இரண்டேகால் மணி நேரம்போலத் தெரியும். சித்தப்பா அழைத்துப்போக வருகிறார் என்றால் லண்டன் நேரத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சாமான். ஒருமுறை விமானத்தில் போனபோது, அம்மா போட்டு அனுப்பிய மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்திருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். கைப்பையில் திரவம் போன்றவற்றுக்கு இருக்கும் 100 மில்லி லிட்டர் கட்டுப்பாடு எனக்கு அன்று தெரியாது. இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. யூரோஸ்டாரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ரயிலோ விமானமோ, பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. சித்தி ஆட்டிறைச்சிக் கறி கட்டித் தந்தால் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மிளகாய்த்தூளை மட்டும் கொண்டுவாருங்கள்.