படமாகிப்போன சமன்பாடு: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கணக்கு வாத்தியார்
ஊரடங்கு சமயத்தில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. பிளஸ் ஒன் மாதத் தேர்வுக்கு கூகுள் டாக்ஸில் கேள்வித்தாள் போட்டேன். லேடெக், அதாவது கணக்குக் குறிகளை எழுத்துக் கட்டளைகளாக அடிக்கும் முறை; அந்தக் கட்டளை வரியை (கோடு என்போம்) ஒரு இலவச சர்வரின் முகவரிக்குப் பின்னால் ஒட்டி, அந்த முகவரியைப் படமாகச் சேர்த்தால் சமன்பாடு வந்து உட்காரும், உங்களுக்குத் தெரியாததா. ஏழாவது கேள்வி தொகையிடல். அடைப்புக்குள் 2எக்ஸ் கூட்டல் 3. இரண்டு மார்க்.

ஒரு பையன் மட்டும் 3எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் சி என்று எழுதியிருந்தான். தப்பு போட்டேன். மறுநாள் போனில் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். "சார், 2எக்ஸ் பக்கத்துல 3தான் சார் இருக்கு, பெருக்கிட்டேன்" என்றான். திறந்து பார்த்தால் அடைப்புக்குள் 2, எக்ஸ், 3. கூட்டல் குறியே இல்லை! புத்தகத்தில் அச்சடித்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. 6எக்ஸைத் தொகையிட்டால் அவன் விடைதான் சரி.

ராத்திரி டியூஷன்
என் கதை சின்னது. பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களாக ஃபார்முலா குறிப்புகள் அனுப்பியிருந்தேன். இரவு பதினொன்றரைக்கு ஒரு மாணவி: "அக்கா, ஃபார்முலா எல்லாம் நாங்களே நிரப்பணுமா?" அவள் போனில் டார்க் மோட். கறுப்பு மேல் கறுப்பு எழுத்து. நான்கு பக்கமும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' மாதிரி கிடந்தது.

ப்ரூஃப் மேசை
வாத்தியார் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது சர்வரின் தப்பு இல்லை. இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல் குறியைப் பெரும்பாலான சர்வர்கள் இடைவெளி என்றுதான் படிக்கும். லேடெக்கோ கணித முறையில் இடைவெளியைக் கண்டுகொள்ளாது. இரண்டும் சேர்ந்தால் கூட்டல் காணாமல் போகும், கழித்தல் மட்டும் தப்பிக்கும். கூட்டலுக்குப் பதிலாக சதவீதக் குறி, 2, பி என்று மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

நான் சென்னையில் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். ஒரு பேராசிரியர் 140 சமன்பாடுகளை ஒட்டுமொத்தமாகப் படமாக்கி, மூல லேடெக் கோடை அழித்துவிட்டு அனுப்பினார். திரைக்குப் போதும், அச்சுக்கு எல்லாம் மங்கல். மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப அடித்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லேடெக் கோடு இருக்கும் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், படமாக்குவது கடைசி வேலை. முடிந்தால் பிஎன்ஜி வேண்டாம், எஸ்விஜி வகைப் படமாக எடுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. நேர் மேற்கோள் குறியைத் தானாக வளைக்கும் வசதியை முதலில் அணைத்து வையுங்கள். இல்லையென்றால் எஃப் டேஷ் எக்ஸ் என்று படிக்கிறோமே, அந்த டேஷ் வளைந்துபோய் லேடெக் கோடு குழம்பும். வரிக்கு நடுவே வரும் படம் அரை அங்குலம் மேலே தொங்கினால் இடைவெளி தட்டிச் சரிசெய்யாதீர்கள், அது எழுத்துகள் உட்காரும் கோட்டோடு (பேஸ்லைன்) படம் பொருந்தாத பிரச்சினை. வலைப்பக்கம் என்றால் படமே வேண்டாம், லேடெக் கோடைப் பக்கத்திலேயே சமன்பாடாகக் காட்டும் மேத்ஜாக்ஸோ கேடெக்கோ போடுங்கள். அப்புறம் ப்ரூஃப் பாருங்கள் சார். 1977-ல் தன் புத்தகத்தின் ப்ரூஃப் அசிங்கமாக வந்ததில் கடுப்பாகித்தான் கணினி அறிஞர் டொனால்ட் நூத், லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளையே எழுத உட்கார்ந்தார்.

வாசிப்புத் துணை
மேலே எல்லோரும் கண்ணால் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கல்லூரியில் என் பெஞ்ச்மேட்டுக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ மென்பொருளை வைத்துப் படிப்பான். புள்ளியியல் குறிப்பைத் திறந்தான். "சராசரி என்பது, கிராஃபிக். இதிலிருந்து, கிராஃபிக். எனவே, கிராஃபிக்." அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்துக்கு மாற்று உரையாக, அதாவது படத்துக்குப் பதில் அந்த மென்பொருள் படிக்கும் எழுத்தாக, லேடெக் கோடையே போட்டுக் கொடுத்தேன். இப்போது "பேக்ஸ்லாஷ் ஃப்ராக்" என்று படித்தது, லேடெக்கில் பின்னத்துக்கான கட்டளை அது. "இது போதும்டா, மீதியை நான் பிரிச்சுக்கறேன்" என்றான். ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாக லேடெக் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ப்ரூஃப் மேசை அண்ணா, எஸ்விஜி என்றாலும் மாற்று உரை இல்லையென்றால் அவனுக்கு அதுவும் வெறும் கிராஃபிக்தான். வலைப்பக்கத்தில் கணக்கை எழுதுவதற்கென்றே இருக்கும் மேத்எம்எல் என்றால் கணக்காகவே படிக்கும். 2023 ஜனவரியில் வந்த குரோம் உலாவியின் 109-ஆம் பதிப்பிலிருந்து அது நேரடியாகவே தெரிகிறது.

கணக்கு வாத்தியார்
ப்ரூஃப் மேசை, சர்வர் மேல் நான் பழி போடவே இல்லை, திரும்பப் படியுங்கள். ப்ரூஃபும் பார்த்தேன். முதல் ஆறு கேள்விகளில் கழித்தல்தான், ஒழுங்காக இருந்தன. ஏழாவதில் கண் அசந்துவிட்டது.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. வகுப்பில் மற்ற 31 பேரும் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 3எக்ஸ் என்று எழுதியிருந்தார்களே, இல்லாத கூட்டல் அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? விசாரித்தேன். தேர்வு தொடங்கிய ஐந்தாம் நிமிடமே, "7-ல் பிளஸ் விட்டுப்போச்சு" என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். இவன் வீட்டில் இருந்தது அப்பாவின் போன், கேள்வித்தாளை இறக்கியதும் அவர் வேலைக்கு எடுத்துப்போய்விட்டார். பார்த்து எழுதி வைத்துக்கொண்டு போட்டிருக்கிறான். இரண்டு மார்க்கும் கொடுத்துவிட்டேன். திட்டியதைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.