மோல்ட்கே குடும்ப வரலாறு: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியின் மோல்ட்கே குடும்பத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மெக்லன்பர்க் பகுதியின் பழைய பிரபுக் குடும்பம் இது. ஒரு கிளை டென்மார்க்கில் வேரூன்றி, 1848இல் பிரதமர் பதவி வரை போனது.

பிரஷ்யப் படைத் தலைவர் ஹெல்முத் ஃபான் மோல்ட்கே (1800–1891) பற்றி நிறையக் கிடைக்கிறது. 1889இல் எடிசனின் ஃபோனோகிராஃபில் பதிவான அவர் குரலைக் கூட இன்று கேட்கலாம்! அவருடைய தம்பி மகன்தான் முதல் உலகப்போர் தொடங்கியபோது தளபதி.

என் மனம் நிற்பதோ, ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த ஹெல்முத் ஜேம்ஸிடம். படைத் தலைவர் அவருக்குக் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். அந்தப் படைத் தலைவர் 1867இல் வாங்கிய கிரைசாவ் பண்ணையில்தான், ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று ஹெல்முத் ஜேம்ஸும் நண்பர்களும் 1942, 43இல் கூடிப் பேசினார்கள். 1945 ஜனவரியில், 37 வயதில், அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் எழுதிய கடிதங்களை மனைவி ஃபிரேயா தேன்கூட்டுப் பெட்டிகளில் ஒளித்துக் காப்பாற்றினார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். டென்மார்க் கிளை எந்தத் தலைமுறையில் பிரிந்தது என்று காட்டும் வம்சாவளி யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ஜெர்மன் தெரிந்தவர்கள் அந்தக் கடிதங்களில் இரண்டு மூன்றையாவது நேரடியாகத் தமிழாக்க உதவ முடியுமா? கிரைசாவ் இப்போது போலந்தில் இருக்கிறது. போய் வந்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.