டிஎன்ஏ நீளத்தைக் கூட்டினாலும் டிரான்ஸ்மிஷன் மாறவில்லை, எங்கே தப்பு?

பாலக்கோடு மாணவி:
வணக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்காக டிஎன்ஏ வழியே மின்னூட்டம் போவதைப் பைத்தானில் கணக்கிடுகிறேன். ஒரு கார இணைக்கு (base pair) ஒரு தளம் (எலக்ட்ரான் தங்கும் இடம்), எல்லாமே குவானைன்–சைட்டோசின். பக்கத்துத் தளங்களுக்கு இடையே இணைப்பு 0.1 எலக்ட்ரான் வோல்ட், இரு முனையிலும் தங்க மின்முனையோடு உள்ள இணைப்பால் ஆற்றல் மட்டத்துக்கு வரும் அகலம் 0.01 எலக்ட்ரான் வோல்ட். ஃபெர்மி மட்டம் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல்) தள ஆற்றலிலேயே இருக்கிறது. 8, 10, 12, 14 இணைகள் போட்டேன். நான்குக்கும் டிரான்ஸ்மிஷன் (எலக்ட்ரான் மறுமுனைக்குக் கடந்துபோகும் நிகழ்தகவு) 0.00995! ஆனால் 2004இல் நோங்ஜியான் தாவ் குழு அளந்தபோது, இதே நீளங்களில் கடத்தல் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்தது. மூன்று நாளாகத் தேடுகிறேன். அடுத்த வாரம் வைவா.

ஓசூர் வாசகர்:
ஃபெர்மி மட்டம் பட்டையின் (சங்கிலியில் எலக்ட்ரான் தடையின்றிப் போகக்கூடிய ஆற்றல் வரம்பின்) நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 0.5 எலக்ட்ரான் வோல்ட் தள்ளி வைத்துப் பாருங்கள்.

பாலக்கோடு மாணவி:
வைத்தேன் சார். இப்போது ஒரு இணை கூடினாலே 23 மடங்கு குறைகிறது. அந்தச் சோதனையில் நடுவே அடினைன்–தைமின் வைத்தபோதுதான் அடுக்குக்குறியாகக் குறைந்தது, அதுவும் ஆங்ஸ்ட்ராமுக்கு 0.43 என்ற அளவில். எனக்குக் கிட்டத்தட்ட 0.92 வருகிறது.

கிருஷ்ணகிரி ஆசிரியர்:
கோடில் தப்பு இல்லைம்மா. பழைய ஃபெர்மி மட்டத்திலேயே 9 இணை போட்டுப் பார், சரியாக 1 வரும். ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0.00995, நீளம் எதுவானாலும். முழுக் கோஹரண்ட் சங்கிலி அப்படித்தான்: எலக்ட்ரான் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டம் (phase) கலையாமல் போகிறது. தருமபுரியில் ஏறினால் கிருஷ்ணகிரியில்தான் இறங்குவேன் என்கிற பஸ் மாதிரி.

நிஜ டிஎன்ஏ தண்ணீரிலும் உப்பிலும் ஆடிக்கொண்டே இருக்கிறது. 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கிய காரங்கள் ஓயாமல் முறுகுகின்றன. அதனால் கட்டம் வழியிலேயே தொலைந்துவிடும். காரிமங்கலத்தில் இறங்கி, காவேரிப்பட்டணத்தில் இறங்கி, பஸ் மாறி மாறிப் போகிற பயணம் அது. நேரம் நிறுத்தங்களின் எண்ணிக்கைப்படி கூடும், மின்தடையும் அப்படித்தான். நீ தேடும் எதிர்விகிதம் அங்கிருந்துதான் வருகிறது.

ஃபெர்மி மட்டத்தைத் திரும்பப் பட்டைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு தளத்திலும் ஒரு பியூட்டிக்கர் ஆய்வுமுனை சேர், அதாவது எலக்ட்ரானை வாங்கி, கட்டத்தைக் கலைத்து, திருப்பி விடும் ஒரு பாவனை மின்முனை. தமாதோ, பஸ்தவ்ஸ்கி 1990இல் எழுதிய கட்டுரையில் சூத்திரம் இருக்கிறது. தள ஆற்றலுக்கு வெறும் கற்பனைப் பகுதியை (imaginary part) மட்டும் போட்டு நிறுத்திவிடாதே. எங்கள் மாணவர்கள் அதிகம் விழும் இடம் இதுதான். காரிமங்கலத்தில் இறங்கியவரை மறுபடி ஏற்றாவிட்டால் கிருஷ்ணகிரியில் ஆள் குறையும். ஒவ்வொரு முனையிலும் நிகர மின்னோட்டம் பூஜ்யம் என்ற நிபந்தனை கட்டாயம்.

பாலக்கோடு மாணவி:
அதே தப்பைத்தான் முதலில் செய்தேன் சார், இரண்டு பக்கத்திலும் மின்னோட்டம் ஒத்தே வரவில்லை. அந்த நிபந்தனை தரும் சமன்பாடுகளின் அணியைத் தலைகீழாக்கிச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. டிரான்ஸ்மிஷனின் தலைகீழியை நீளத்துக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு! ஆனால் கோடு பூஜ்யத்துக்கு வெகு மேலே வெட்டுகிறது.

கிருஷ்ணகிரி ஆசிரியர்:
அது தங்கத்தோடு உள்ள தொடர்பின் மின்தடை. உன் 0.01 ரொம்பப் பலவீனம். அதை 0.1க்கு ஏற்றிப் பார், வெட்டு இறங்கும், சாய்வு அப்படியே நிற்கும். அந்தச் சாய்வுதான் டிஎன்ஏவுடையது. வைவாவில் அந்தப் படத்தை முதலில் காட்டு.