இரண்டே மைக்கில் 25 பேர் வாசிப்பதைப் பதிய முடியுமா?

வெள்ளிக்கடற்கரை:
புதுச்சேரியில் தெரிந்தவர்கள் 25 பேர் வயலின், செல்லோ என்று சேர்ந்து வாசிக்கிறார்கள். போன தடவை கடலூரிலிருந்து ரெக்கார்டரோடு போய், முதல் வரிசை நாற்காலியில் வைத்துப் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் பக்கத்தில் இருந்த ஒரே வயலின்தான் கச்சேரி செய்கிறது. மின்விசிறி சுருதி போடுகிறது! இப்போது ஒரே மாதிரி இரண்டு கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகம் பிடிப்பவை) வாங்கியிருக்கிறேன். எங்கே நிறுத்துவது?

பழைய டேப்:
நாற்காலியை மறந்துவிடுங்கள், உயரமான ஸ்டாண்டு வேண்டும். இசைக்குழுவை நடத்துபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் உயரத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு மைக் தலைக்கும் நடுவே 17 செ.மீ., இடமும் வலமுமாக விரிந்த கோணம் 110 டிகிரி. ஓ.ஆர்.டி.எஃப். என்று பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்ட முறை (புதுச்சேரிக்குப் பொருத்தம்தான்). 1951-இல் மெர்குரி இசைத்தட்டு நிறுவனம் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவை ஒரே மைக்கில் பதிந்தது. உங்களிடம் ஒன்று கூடுதல்.

உப்பங்கழி:
ஒத்திகையிலேயே பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். எதிரொலி தூக்கலாக இருந்தால் ஸ்டாண்டை அரை மீட்டர் முன்னே நகர்த்துங்கள். உச்ச சத்தம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். அப்புறம் பதிவளவுக் குமிழில் கை வைக்காதீர்கள்.

வெள்ளிக்கடற்கரை:
சரி, விசிறிக்கு என்ன வழி? நிகழ்ச்சி மே மாதம்.

பழைய டேப்:
வாசிக்கும்போது அணைக்கச் சொல்லுங்கள். கைதட்டும்போது போட்டுக்கொள்ளட்டும்.