ஹெமடோக்ரிட் 43.6, ஆனால் எனக்கு முடியவில்லை

கேள்வி:
பாலிசைதீமியா வேரா (எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்கும் ரத்தநோய்) என்று தெரிந்து 4 வருடம் ஆகிறது. அதற்குக் காரணமான ஜாக்2 மரபணு மாற்றம் உண்டு. தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின். ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 45-ஐத் தொட்டால், அதைக் குறைக்க ரத்தம் எடுத்துவிடுவார்கள். இந்த முறை 43.6. "ரிசல்ட் நன்றாக இருக்கிறது" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் குளித்துத் துவட்டிய ஐந்தாவது நிமிடம் தொடையிலும் முதுகிலும் ஊசி ஊசியாகக் குத்தும் அரிப்பு. அரை மணி நேரம் துண்டோடு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தோலில் ஒரு தடிப்புகூட இருக்காது, அதனால் வீட்டில் நம்புவதில்லை. மதியத்துக்கு மேல் ஒரே அசதி. இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பதில் 1:
தம்பி, தடிப்பே இல்லாமல் தண்ணீர் பட்டதும் வருவதுதான் இந்த நோயின் அரிப்பு. உங்கள் கற்பனை இல்லை.

எனக்கு இது 11-வது வருடம். ஞாயிறு இரவுதோறும் ஒரு நோட்டில் களைப்பு, அரிப்பு, இரவு வியர்வை, எலும்பு வலி என்று பத்து தொல்லைகளுக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுகிறேன். எம்பிஎன்-10 (இந்த வகை ரத்தநோய்களின் தொல்லைகளை அளக்கும் பட்டியல்) என்று சொன்னால் ரத்தநோய் டாக்டருக்குப் புரியும். ஒரு சமயம் பாதிச் சாப்பாட்டிலேயே வயிறு நிரம்பியது. வயதாகிறது என்று விட்டிருப்பேன். நோட்டில் 2, 4, 4, 6 என்று ஏறியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர் இடது விலாவுக்குக் கீழே கை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்பட்டது, அதுதான் வயிற்றை அழுத்தியிருக்கிறது. மருந்தை மாற்றினார்.

முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இதற்கெல்லாம் நோட்டு வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பதில் 2:
அக்கா சொன்னது சரி. அசதிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ரத்தம் எடுக்க எடுக்க இரும்புச்சத்து குறையும். ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேளுங்கள். ஆனால் நீங்களாக இரும்பு மாத்திரை போடாதீர்கள், ஹெமடோக்ரிட் விறுவிறுவென ஏறிவிடும். 45 என்பதும் சும்மா வைத்த எல்லை இல்லை. 2013-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45-க்குக் கீழே இருந்தவர்களைவிட 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு ரத்தக்கட்டு, இதயநோய் மரணம் போன்றவை ஏறக்குறைய நான்கு மடங்கு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. நோட்டு போட்டுவிட்டேன். முதல் வாரம் அரிப்பு 8. அப்புறம் குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் குறைத்து, தேய்க்காமல் ஒற்றித் துவட்டிப் பார்த்தேன். இந்த வாரம் 6. களைப்பு மட்டும் 7-லேயே நிற்கிறது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், நோட்டோடு.